மாமியார் கிருமி

"யாரோடதுன்னு சொன்னீங்க?" என்று தரணிதரன் மறுபடியும் கேட்டான்.

"உங்க அம்மாவோடது" என்றார் டாக்டர் பெனாசிர். அவருக்குச் சிரிப்பு வந்தது. மனநல மருத்துவர் சிரிக்கக் கூடாத இடம் என்பதால் அடக்கிக்கொண்டார்.

தரணி மனைவியைப் பார்த்தான். மிருதுளா கண்களை இறுக மூடிக்கொண்டாள். அறைக்கு வெளியே, வராந்தாவில், அவனுடைய அம்மா கலாமணி குடிநீர் இயந்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "டம்ளர வெச்சாத்தான் தண்ணி உடுவியா? வெச்சுட்டுத்தான நிக்கறேன்? கண்ணு தெரியலையா உனக்கு?"

"வேற யாருமே இல்லையா டாக்டர்?" என்றாள் மிருதுளா.

"உங்க அப்பா, அம்மா, தம்பி எல்லாரையும் பார்த்தாச்சு. யாரும் சரிவரல. தரணியோட குடல் பாதிக்குமேல பாலைவனம்."

"பரோட்டாவா டாக்டர்?" என்றான் தரணி.

"பரோட்டாவும்தான். தும்மினா உடனே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கற பழக்கமும்தான்." டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் நெளிந்தன. "நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமிங்க இருக்கு. அதுங்க சும்மா உட்கார்ந்திருக்கறதில்ல. நாம சாப்பிடறத வெச்சு என்னென்னமோ தயாரிக்குது. அதுல சிலது ரத்தத்துல கலக்கும். சிலது வயித்துலேருந்து மூளைக்குப் போற நரம்பைத் தட்டும். மூளைக்கு இதெல்லாம் சேதி. மிருதுளாவோட குடல்ல ஒரு கூட்டமே காணாமப் போயிருக்கு. அந்த இடத்துல வேற கூட்டம் புகுந்து தப்புத் தப்பா சேதி அனுப்புது. மனச்சிதைவு வர்ற எல்லாருக்கும் இதுதான் காரணம்னு சொல்லமாட்டேன். இவங்களுக்கு இது ஒரு பெரிய காரணம்."

"காணாமப் போன கூட்டம் எங்க அம்மாகிட்ட இருக்கா?"

"இருக்காவா? ஊர்வலமே போகுது."

மிருதுளா தஞ்சாவூர்ப் பெண். வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்தவள். வீட்டுக்கு வீடு பொருட்களைக் கொண்டுபோகும் டிரோன்களுக்கு வானத்தில் வழி போட்டுக்கொடுப்பது அவள் வேலை. எந்த மாடியில் துணி காயும், எந்தத் தெருவில் பட்டம் விடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தரணியை அவளாகப் பார்த்துப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். கலாமணி ஒப்புக்கொண்டார், ஆனால் மன்னிக்கவில்லை. கொள்ளு என்றால் குதிரைக்குப் போடுவதுதானே என்று மருமகள் வந்த முதல் வாரத்தில் கேட்டுவிட்டாள். வடவள்ளி வீட்டில் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை.

கல்யாணமான இரண்டாம் வருடம் அந்த இரண்டு ஆண்கள் வந்தார்கள். கிரிக்கெட் வர்ணனையாளர்கள் மாதிரிதான் பேசினார்கள். "இதோ மிருதுளா பாலை அடுப்பில் வைக்கிறார்." "வைக்கிறார், ஆனால் பொங்கும்வரை நிற்கமாட்டார், பாருங்கள்." பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்து முதலில் சிரித்தாள். டிவியை அணைத்த பிறகும் பேசினார்கள். பிறகு மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். அதற்கும் பிறகு, சோற்றில் விஷம் கலந்திருப்பதாகச் சொன்னார்கள். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கம்பியில் தொங்கும் துப்பட்டாவைப் போல உடம்பு ஆகிவிட்டது.

மாத்திரைகள் கொடுத்தார்கள். மாத்திரை வர்ணனையாளர்களுடைய மைக்கைப் பிடுங்கவில்லை. ஒலியைக் குறைத்தது, அவ்வளவுதான். கூடவே அவளுடைய ஒலியையும் குறைத்துவிட்டது. எந்நேரமும் தூக்கம், கை நடுக்கம், வேலைக்கு நீண்ட விடுப்பு.

அந்த நாட்களில் ஒருமுறை, கதவு திறந்திருப்பது தெரியாமலோ தெரிந்தோ, கலாமணி மகனிடம் சொன்னார்: "எல்லாம் நடிக்கறா." மிருதுளாவுக்கு வர்ணனையாளர்கள் சொன்ன எதையும்விட அதுதான் வலித்தது.

இப்போது அந்த அம்மாளிடம் போய்க் கேட்கவேண்டும்.

மருத்துவமனைக் கேன்டீனில் மூன்று டீ வாங்கிவந்து தரணி தொடங்கினான். "அம்மா, டாக்டர் என்ன சொல்றாங்கன்னா... உன்னோட... அதாவது, தெனமும் காலைல... நீ..."

"என்றா முக்கற? சொல்லித் தொலை."

"அதைத்தாம்மா சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவன் சிவந்துபோனான்.

மிருதுளா டீயைக் கீழே வைத்தாள். "அத்தை, உங்க மலம் வேணும். அதுலேருந்து கிருமிகளைப் பிரிச்சு எடுத்து மாத்திரையா எனக்குக் குடுப்பாங்க. குணமாக வாய்ப்பிருக்காம்."

பக்கத்து மேசைக்காரர் போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

கலாமணி தன் டீயை மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். பிறகு, "டாக்டரம்மா கேக்கச் சொன்னாங்களா, நீயாக் கேக்கறயா?" என்றார்.

"நானாத்தான் கேக்கறேன்."

"செரி."

"சரின்னா?"

"செரின்னா செரிதான். அதுக்கு என்ன, அட்சதை போட்டுச் சொல்லோணுமா? ஆனா ஒண்ணு. ஒறம்பரை, சொந்தபந்தம் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா கல்யாணங் காச்சிக்குப் போயி பந்தில உக்கார முடியாது."

அன்றே பரிசோதனைக் கேள்விகள் ஆரம்பித்தன. சர்க்கரை உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, ரத்தம் ஏற்றியதுண்டா என்று டாக்டர் பெனாசிர் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "உங்களுக்கோ, உங்க குடும்பத்துலயோ மனநல பாதிப்பு ஏதாவது?" என்றார்.

"எங்க வம்சத்துல அப்படி ஒருத்தருங் கெடையாதுங்க" என்றார் கலாமணி. மருமகளைப் பார்த்துக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது. மிருதுளா தலையைக் குனிந்துகொண்டாள்.

மருத்துவமனையின் கிருமிக் கொடை மையத்திலிருந்து சாப்பாட்டு முறை ஒன்று வந்தது. ஊறுகாய் குறைவு, நார்ச்சத்து அதிகம், டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது. கலாமணி அதைப் படித்துவிட்டு, "இதுல புதுசா என்ன இருக்குது? நான் தின்னுட்டு இருக்கறதத்தான் டைப்படிச்சு அனுப்பியிருக்கறாங்க" என்றார். கம்மஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் மோரும் வழக்கம்போல நடந்தன. வாரம் இரண்டு தடவை காலையில் ஒரு டிரோன் மொட்டைமாடியில் வந்து இறங்கும். கலாமணி மூடி போட்ட வெள்ளைப் பெட்டியை அதில் வைத்து, டிரோனின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "பாத்துப் போ" என்று அனுப்பிவைப்பார்.

எதிர்வீட்டுச் சுலோச்சனா ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏனுங்க்கா, பொட்டி பொட்டியா அனுப்பறீங்க? யாவாரமா?"

"அது... வடகம்."

"அப்படிங்களா! எங்களுக்கும் ஒரு கிலோ குடுங்க்கா. பையன் விரும்பித் திம்பான்."

அந்த வாரம் முழுக்கக் கலாமணி வேர்த்து விறுவிறுத்து மொட்டைமாடியில் நிஜமாகவே வடகம் பிழிந்தார். மிருதுளா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த பிறகுதான், தான் சிரித்தது அவளுக்கே உறைத்தது.

மிருதுளா கிருமி மாத்திரைகளை விழுங்கத் தொடங்கியிருந்தாள். மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. வர்ணனையாளர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். அப்புறம் அடுத்த தெருவுக்கு. ஒரு காலை பால் பொங்கி, அவள் அணைத்து, காப்பி கலந்து, பாதி குடித்த பிறகுதான் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தாள். டம்ளரைப் பிடித்தபடி அப்படியே சமையல்மேடையில் சாய்ந்து நின்றாள். குழாய் சொட்டும் சத்தம், வெளியே காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி, வேறொன்றும் இல்லை. டாக்டர் பழைய மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கை நடுக்கம் நின்றது. வேலைக்குத் திரும்பினாள்.

வேறு சிலதும் வந்தன. காப்பி பிடிக்காமல் போயிற்று. கோழி கூவும் முன்பு விழிப்பு வந்தது. ஒருநாள் அலுவலகத்தில் மதியம், அவளுக்குக் கொள்ளுப்பருப்பு மேல் அப்படியொரு ஆசை வந்து, ஊர் முழுக்கத் தேடி டிரோனில் வரவழைத்துச் சாப்பிட்டாள். வீட்டில் சொன்னபோது கலாமணி பூரித்துப்போனார்.

"பின்ன? உள்ள போயி உக்காந்திருக்கறது யாரு?"

பூரிப்பு அதோடு நிற்கவில்லை. மருமகளின் சாமர்த்தியமெல்லாம் தன்னுடையது என்று ஆயிற்று. மிருதுளா கணக்குப் பார்த்துக் காய் வாங்கினால், "என்ற புத்தி." அலமாரியை அடுக்கினால், "என்ற புத்தி." அலுவலகத்தில் பதவி உயர்வு வந்த அன்றைக்குத் தரணி இனிப்பு வாங்கிவந்தான். கலாமணி ஒரு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, "வரத்தான செய்யும்? என்ற வயித்துல இருந்து போன புத்தியாச்சே" என்றார்.

மிருதுளாவுக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, போதும். அந்த வேலைக்காக நான் எத்தனை நாள் உக்காந்து மண்டைய ஒடச்சுக்கிட்டேன் தெரியுமா? அது என்னோடது. முன்னாடி ரெண்டு பேர் தலைக்குள்ள உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாங்க. இப்ப நீங்க மூணாவது ஆளா வந்து உக்காராதீங்க."

தரணி இனிப்புப் பெட்டியை மூடினான். கலாமணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து 'என்ற புத்தி' நின்றது. வீட்டில் பேச்சும் பாதி நின்றது. பெட்டி மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் பெனாசிர் ஒருநாள் மூன்று பேரையும் வரச்சொன்னார். முகமெல்லாம் மலர்ச்சி. கலாமணியின் குடலில் இருக்கும் ஒரு கிருமிதான் முக்கிய வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். இதுவரை எந்த ஆய்வகத்திலும் பதிவாகாத வகை. பல்லடத்தில் இதே நோயோடு ஒரு பெண், நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள், வீட்டைவிட்டு வெளியே வந்தே நாளாயிற்று. இன்னும் சிலர். அவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

"நீங்க சம்மதிச்சா போதும்மா. ஒருதடவை உங்க உடம்பு விவரம் எல்லாத்தையும் விலாவாரியா மறுபடி பார்த்துக்கணும், அவ்வளவுதான்."

"முடியாதுங்க" என்றார் கலாமணி.

"அம்மா!" என்றான் தரணி.

"முடியாதுன்னா முடியாது. இவளுக்குக் குடுத்தேன், செரி. ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் என்னால குடுக்க முடியாது." செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

பெருமை பேசுவதற்கு இவ்வளவு பெரிய வாய்ப்பை அந்த அம்மாள் விட்டுவிடுவார் என்று யாரும் நினைக்கவில்லை. தரணி கெஞ்சிப் பார்த்து ஓய்ந்தான். மிருதுளா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மதியம் கலாமணி கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"என்மேல கோபம்னா என்கிட்ட காட்டுங்க அத்தை. அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு?"

"உம்மேல எனக்கென்ன கோவம்?"

"அப்புறம்?"

கலாமணி ஒரு மொச்சையை உரித்தார். தோலைக் கிண்ணத்திலும் பருப்பைக் குப்பையிலும் போட்டார். "என்றது, எனக்கு இருந்தது, அந்தப் புள்ளைக்கும் போயிருச்சுன்னா?"

"எது?"

"தரணி பொறந்து ரெண்டு மூணு மாசம் இருக்கும். தோட்டத்து ஊட்ல இருந்தோம். கெணத்துல இருந்து ஒரு பொம்பள என்னையக் கூப்புட ஆரம்பிச்சா. மொதல்ல பேரச் சொல்லிக் கூப்புட்டா. அப்பறம், கொளந்தையத் தூக்கிட்டு வான்னா." கலாமணியின் குரல் காய்கறி விலை சொல்வதைப் போல இருந்தது. "ஒருக்கா கெணத்து மேடு வரைக்கும் போயிட்டேன். அதுக்கப்பறம் ஊட்டுக்குப் பொறவால இருக்கற ரூம்புல போட்டுப் பூட்டி வெச்சிருந்தாங்க. ஊருக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லியாச்சு. ஒரு வருசம் போல ஆச்சு. அப்பறம் அவளே கூப்படறத நிறுத்திட்டா. ஏன் வந்தா, ஏன் போனா, ஒண்ணுந் தெரியாது. கோயிலுக்கு நேந்துக்கிட்டதால போச்சுன்னாங்க."

மிருதுளாவின் கையிலிருந்த மொச்சை கீழே விழுந்து உருண்டது. "தரணிக்குத் தெரியுமா?"

"உங்க மாமா சாகறவரைக்கும் அதப்பத்தி வாயத் தொறக்கல. அவனுக்கு யாரு சொல்லுவா?"

"அப்ப என்னை ஏன் நடிக்கறான்னு சொன்னீங்க?"

கலாமணி தலையை நிமிர்த்தினார். "நடிப்பா இருந்தாத் தேவலையேன்னுதான் சொன்னேன், கண்ணு. உன்ற கண்ணப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ அந்தப் பக்கம் காதக் குடுத்துட்டு இந்தப் பக்கம் தலையாட்டுவ. நானும் அப்படித்தான் ஆட்டுனேன். கிட்ட வரவே பயமா இருந்துது. உனக்கு மாத்தரைக்குக் குடுக்கறப்பக்கூட பயந்துட்டேதான் குடுத்தேன். உனக்குத்தான் ஏற்கெனவே இருக்குதே, புதுசா என்ன வந்தரப்போகுதுன்னு ஒரு தெகிரியம்."

மிருதுளாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாம் அத்தை."

"சொன்னா உனக்கும் நிறுத்திப்போடுவாங்க."

"நிறுத்தட்டும். ஆனா அந்தப் பல்லடத்துப் பொண்ணுக்குத் தெரியாம குடுக்கவும் முடியாது, காரணம் சொல்லாம மறுக்கவும் முடியாது. நானும் அந்தப் பொண்ணு இருக்கற பக்கத்துலேருந்து வந்தவதான். எனக்கு யாராவது மறைச்சிருந்தா எனக்குப் பிடிக்காது."

மறுநாளே போனார்கள். தரணியையும் கூட்டிக்கொண்டு போய், காரிலேயே அவனுக்குச் சொன்னார்கள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பின்சீட்டில் இருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். "போதும் உடுறா, வேர்க்குது" என்றார் கலாமணி.

டாக்டர் பெனாசிர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்றத எடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்பறம் என்னத்தக் கேக்கறீங்க?"

விதி தெளிவாக இருந்தது. மனச்சிதைவுக்குரிய அறிகுறி ஒருமுறையாவது இருந்தவர்கள் கிருமிக் கொடை தரக் கூடாது. மருத்துவர் குழு கூடி முடிவெடுக்கும்வரை மிருதுளாவுக்கும் கிருமி மாத்திரை கிடையாது. "உண்மையச் சொன்னதுக்குத் தண்டனை குடுக்கற மாதிரி இருக்கு. எனக்கே வெக்கமா இருக்கு" என்றார் டாக்டர். பழைய மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிடவும், சின்ன மாற்றம் என்றாலும் உடனே கூப்பிடவும் சொல்லி அனுப்பினார்.

சில வாரங்கள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை, அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நீண்ட இடைவேளைக்குப் பிறகு நேயர்களைச் சந்திக்கிறோம்."

மிருதுளா சீப்பைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தரணியிடம் போய்ச் சொன்னாள். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அது வேலைசெய்ய நாளாகும் என்றார். அதுவரை அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். வர்ணனையாளர்கள் பழைய சுறுசுறுப்போடு இல்லை, ஆனால் பழைய விஷயத்துக்கே வந்தார்கள். ஒரு மதியம் தரணி வேலைக்குப் போயிருந்தான். மிருதுளா சோற்றுத் தட்டின்முன் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலாமணி திட்டுவதற்காகத்தான் வந்தார். இடுப்பில் கைவைத்து, வாயையும் திறந்துவிட்டார். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்கறானுக?"

"அதுல கலந்திருக்குன்னு."

"யாரு கலந்தா? நானா?"

மிருதுளா தலையாட்டினாள்.

"எனக்கு வேற வேலையில்ல பாரு." கலாமணி எதிரில் சம்மணம்போட்டு உட்கார்ந்தார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைப் பருப்போடு பிசைந்து, ஒரு கவளம் உருட்டித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார். "பாத்தியா? நான் தின்னுட்டேன். செத்தா ரெண்டு பேருஞ் சாவோம். இப்ப நீ வாயத் தொற."

மிருதுளா வாயைத் திறந்தாள். கலாமணி அதே கையால் ஊட்டினார். அடுத்த கவளத்தைத் தன் வாயில் போட்டார். அதற்கடுத்ததை அவளுக்கு உருட்டினார். பாதித் தட்டு காலியானபோது கலாமணியின் கை நடுவழியில் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன அத்தை?"

"என்ற மாமியா ஒருத்தி இருந்தா. நாச்சாத்தா." கலாமணி கையிலிருந்த கவளத்தையே பார்த்தார். "அந்த ரூம்புல எனக்குத் தெனமும் அவதான் சோறு கொண்டாருவா. கொண்டாந்து எம்முன்னாலயே உக்காந்து, என்ற தட்டுல இருந்து அவ ஒரு வாய் தின்னுட்டுத்தான் எனக்கு ஊட்டுவா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பைத்தியந்தானேன்னு எச்சச்சோறு போடறான்னு நெனச்சேன். அவ சாகறவரைக்கும் நான் அவகிட்ட நல்லபடியா ஒரு வார்த்த பேசல. படுக்கைல கெடந்தப்பக்கூடத் தண்ணியக் குடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிட்டு நின்னேன்."

மிருதுளா சற்று நெருங்கி உட்கார்ந்தாள்.

"நானும் அப்ப இதேதான் சொல்லிட்டு இருந்திருக்கறேன். சோத்துல கலந்திருக்குதுன்னு." கலாமணியின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்குத்தான் தின்னுருக்கறா. விசம் இல்லைன்னு காட்டறதுக்கு."

"உங்ககிட்ட அப்படிச் சொல்லலையா?"

"சொல்லியிருப்பா. நான் எங்க கேட்டேன்? கெணத்துக்காரி பேச்சத்தான கேட்டுட்டு இருந்தேன்."

வர்ணனையாளர்கள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிருதுளா அதற்குக் காதுகொடுக்கவில்லை. அந்தக் கை இன்னும் நடுவில் நின்றுகொண்டிருந்ததால் அவளே குனிந்து கவளத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு ஒரே தட்டில் நடந்தது. முதல் வாய் கலாமணிக்கு, அடுத்தது மிருதுளாவுக்கு. காரம் போதாது என்று ஒருத்தியும், உப்பு அதிகம் என்று இன்னொருத்தியும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். வர்ணனையாளர்களுக்கு நடுவில் புகுந்து பேச இடமே கிடைக்கவில்லை. கூட்டிய மருந்தும் வேலைசெய்யத் தொடங்கியிருந்தது. மிருதுளா உடல் தேறி மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வீட்டுக்கு வந்துபோனாள்.

அடுத்த பரிசோதனையின் முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் பெனாசிர் கூப்பிட்டார்.

"கிருமி மாத்திரைய நிறுத்தி இவ்வளவு நாளாச்சு. அந்தக் கிருமி இந்நேரம் உங்க குடல்லேருந்து மறைஞ்சு போயிருக்கணும். கொறஞ்சுதான் வந்தது, நான் பார்த்தேன். திடீர்னு திரும்பக் கூடியிருக்கு. குடித்தனமே வெச்சிருச்சு. என்ன பண்ணீங்க? யாருக்கும் தெரியாம மாத்திரை ஏதாவது..."

"ஐயோ, இல்ல டாக்டர்" என்றாள் மிருதுளா. தட்டைப் பற்றிச் சொன்னாள். பிறகு, கலாமணி தலையசைத்து அனுமதித்ததும், நாச்சாத்தாளைப் பற்றியும் சொன்னாள்.

டாக்டர் பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டே யோசித்தார். "கலாமணியம்மா, உங்ககூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"காங்கேயத்துல அக்கா இருக்கறாங்க."

"உங்க வீட்டுக்காரர் பக்கம்?"

"நாத்தனா ஒருத்தி, கோபிச்செட்டிபாளையத்துல. எதுக்குங்க?"

எதற்கு என்பதை அந்த இரண்டு முதிய பெண்களிடம் விளக்கிச் சம்மதிக்கவைக்கத் தரணி பட்ட பாட்டைத் தனிக் கதையாகத்தான் எழுதவேண்டும். ஒறம்பரை முழுக்க விஷயம் பரவிவிட்டது. கலாமணி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சுலோச்சனா மட்டும் வடகத்தைப் பற்றிக் கொஞ்ச நாள் பலமான சந்தேகத்தில் இருந்தாள்.

முடிவுகள் வந்த அன்று மூவரும் டாக்டர்முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க அக்காகிட்ட அந்தக் கிருமி இல்ல" என்றார் டாக்டர். "உங்க நாத்தனார்கிட்ட இருக்கு. அச்சு அசலா அதே. இது உங்க பொறந்த வீட்டுக் கிருமி இல்லம்மா. புகுந்த வீட்டுது."

கலாமணி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மாமியாரோட எச்சில்லயும் கைலயும் இருந்தது தட்டு வழியா உங்களுக்கு வந்திருக்கணும். நடந்தத நேர்ல போய்ப் பார்க்க முடியாது, அதனால இதுதான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா கிணத்துக்காரி ஏன் போனாள்னு கேட்டா, எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியல. எங்க குழுவும் மனசு மாறியிருக்கு. நோயிருந்த உடம்புல வந்து தங்கி அதை அடக்கின கிருமி இது, இது ஆபத்து இல்ல, இதுதான் வேணும்னு ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கும் மிருதுளாவுக்கும் சம்மதம்னா, பல்லடத்துப் பொண்ணுக்கு எல்லா விவரமும் சொல்லிட்டு, அவங்க சரின்னா ஆரம்பிக்கலாம்."

"அதுக்கென்ன, ஆரம்பிங்க" என்றார் கலாமணி.

"இன்னும் ஒண்ணு. புது வகைங்கறதால இதுக்கு ஒரு பேர் வெக்கணும். கொடுத்தவங்க பேரை வெக்கறது வழக்கம்தான். உங்க பேரையே வெச்சிடலாமா?"

தரணியும் மிருதுளாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி ஆயுசுக்கும் வீட்டில் இருக்கமுடியாது என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

கலாமணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "இத்தன வருசமா உள்ளயே உக்காந்துட்டு என்ற சோத்தத் தின்னுட்டு, என்னையும் காப்பாத்தி, இப்ப இவளையும் காப்பாத்தியிருக்கறா. பேரு மட்டும் என்னுதா? அவ பேரையே எழுதிக்குங்க. நாச்சாத்தா."

டாக்டர் அதை லத்தீன் ஒலிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று காகிதத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தார். கலாமணி எழுந்து கதவுவரைக்கும் போனவர், திரும்பி வந்து மேசைமேல் குனிந்து அந்த எழுத்துக்களை உற்றுப் பார்த்தார்.

"தப்பில்லாம எழுதுங்க டாக்டரம்மா. இல்லாட்டி அதுக்கும் அவ என்னையத்தான் வைவா."